எட்டு லாட், ஒரே வரி: எஸ்கியூஎல் அக்ரிகேட் ஃபங்ஷன் முழுமையான வழிகாட்டி

கம்பத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் போனை நீட்டிவிடுவார். அன்றைய ஏலக்காய் ஏல நிலவரம் அதில் இருக்கும். இத்தனை லாட் (ஒன்றாக ஏலம் விடும் ஒரு தொகுதி காய்), வரத்து இத்தனை கிலோ, விற்றது இத்தனை கிலோ, அதிக விலை இது, சராசரி விலை இது. ஸ்பைசஸ் போர்டு தன் தளத்தில் புத்தடி, போடிநாயக்கனூர் ஏலங்களுக்குப் போடும் வரியும் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

எஸ்கியூஎல் என்பது அட்டவணையாக வைத்த தரவிடம் கேள்வி கேட்டு விடை வாங்கும் கணினி மொழி. அந்த ஒரு வரியில் அதில் நாம் படிக்கப்போகிற பாடம் அனேகமாக முழுவதும் அடங்கியிருக்கிறது. லாட் எண்ணிக்கை கவுன்ட். வரத்தும் விற்றதும் சம். அதிக விலை மேக்ஸ். சராசரி ஏவிஜி. மின் மட்டும் அதில் இல்லை, குறைந்த விலையைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? இந்த ஐந்தும் 1986இல் எஸ்கியூஎல் முதன்முதலில் தரப்படுத்தப்பட்டபோதே அதில் இருந்தவை. பல வரிசைகளை வாங்கி ஒரே மதிப்பாகத் திரட்டித் தருவதால் இவற்றுக்கு அக்ரிகேட் ஃபங்ஷன் என்று பெயர். தமிழில் திரட்டுச் சார்பு என்கிறார்கள்.

மாமாவுக்கு இடுக்கிப் பக்கம் இரண்டு சின்னத் தோட்டம். கணக்கு என் கையில். இந்தக் கட்டுரையில் உள்ள தவறுகளில் பாதி நானே செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவை.

முதலில் அட்டவணை

பழகுவதற்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் போதும், ஒரே கோப்பு, சர்வர் தேவையில்லை. போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம், வேறுபடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கீழே கட்டளைச் சொற்களை நான் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். செலக்ட், ஃப்ரம், சம் போன்றவற்றை நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஆனால் அட்டவணைப் பெயரும் நெடுவரிசைப் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். மூன்று மென்பொருளும் மேற்கோள் குறி இல்லாமலே அதை ஏற்றுக்கொள்ளும்.

```
கிரியேட் டேபிள் ஏலம் (
  லாட் இன்டிஜர், மையம் டெக்ஸ்ட், தோட்டம் டெக்ஸ்ட்,
  எடை இன்டிஜர், விலை இன்டிஜர் );
```

எட்டு லாட் போடுவோம். எண்கள் கற்பனைதான். விலை ஒரு கிலோவுக்கு ரூபாயில்.

```
லாட்  மையம்   தோட்டம்       எடை   விலை
1    புத்தடி   மேட்டுக்காடு    120   2400
2    புத்தடி   மேட்டுக்காடு     15   3100
3    புத்தடி   ஓடைக்காடு       80   2250
4    புத்தடி   ஓடைக்காடு       40   நல்
5    போடி    மேட்டுக்காடு    100   2500
6    போடி    மேட்டுக்காடு     20   3000
7    போடி    ஓடைக்காடு       60   2300
8    போடி    ஓடைக்காடு       25   நல்
```

2, 6 இரண்டும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த, நல்ல பச்சை நிறமுள்ள காய். கொஞ்சம்தான் தேறும், விலை எகிறும். 4, 8 இரண்டும் விலை கட்டுபடியாகாமல் திரும்ப எடுத்துக்கொண்டவை. அவற்றுக்கு விலை பூஜ்யம் அல்ல. விலையே கிடையாது. அந்த 'கிடையாது'தான் நல்.

எந்தக் கேள்வி எழுதும் முன்னும் வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லிப் பழகுங்கள்: "இந்த அட்டவணையில் ஒரு வரிசை என்றால் ஒரு லாட்." கிலோ அல்ல, மூட்டை அல்ல, தோட்டம் அல்ல. பின்னால் வரும் எல்லா வம்பும் இதை மறப்பதில்தான் தொடங்குகிறது.

எண்ணுவது: கவுன்ட்

```
செலக்ட் கவுன்ட்(*), கவுன்ட்(விலை) ஃப்ரம் ஏலம்;
```

விடை 8, 6. நட்சத்திரக் குறி போட்டால் வரிசைகளை எண்ணும். நெடுவரிசைப் பெயர் போட்டால் அதில் நல் இல்லாத வரிசைகளை மட்டும் எண்ணும். ஏலத்துக்குப் போனது எட்டு, விலைபோனது ஆறு. இரண்டும் சரியான விடை, கேள்விதான் வேறு.

கவுன்ட்(டிஸ்டிங்க்ட் தோட்டம்) என்றால் 2 வரும், ஒரே பெயரை ஒருமுறைதான் எண்ணும். சம்முக்குள்ளும் டிஸ்டிங்க்ட் போட முடியும், ஆனால் போடாதீர்கள். இரண்டு லாட் தற்செயலாக ஒரே எடையில் அமைந்துவிட்டால் ஒன்று கணக்கிலிருந்து காணாமல் போகும்.

கூட்டல், பெரியது, சிறியது

```
செலக்ட் சம்(எடை), மேக்ஸ்(விலை), மின்(விலை) ஃப்ரம் ஏலம்;
```

460, 3100, 2250. சம், மேக்ஸ், மின் மூன்றும் நல்லைக் கண்டுகொள்ளாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பொருந்தும் வரிசை ஒன்றுகூட இல்லாவிட்டால் கவுன்ட் 0 தரும், சம் நல் தரும். இல்லாத தோட்டத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், வெற்றிடம்தான் வரும். பூஜ்யம் வேண்டுமென்றால் கோலெஸ்(சம்(எடை), 0) என்று எழுத வேண்டும்.

மேக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. கம்பத்திலிருந்து குமுளி வரை பேச்சு அதுதான். ஆனால் அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே. மேக்ஸ் என்பது ஒரே ஒரு லாட்டின் கதை. ஊரெல்லாம் அதைப் பேசும், வீட்டுக்கு வரும் காசு வேறு கணக்கில் வரும்.

சராசரி: இங்கேதான் நிற்க வேண்டும்

முதல் வருஷம் மாமா கேட்டார்.

"இந்தத் தடவ சராசரி என்ன விழுந்துச்சு மாப்ளே?"

நான் தட்டினேன்.

```
செலக்ட் ஏவிஜி(விலை) ஃப்ரம் ஏலம்;
```

மேலே உள்ள எட்டு லாட்டை வைத்தால் விடை 2591.67. நானும் "2591 மாமா" என்றேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார். "சின்ன லாட் ரெண்டத் தவிர ஒண்ணுகூட 2500அத் தாண்டல. முப்பத்தஞ்சு கிலோ காய் முந்நூத்தறுவது கிலோவத் தூக்கிருமா?"

தூக்காது. ஏவிஜி லாட்டுக்குச் சராசரி போட்டது. 15 கிலோ லாட்டுக்கும் 120 கிலோ லாட்டுக்கும் ஒரே ஓட்டு. ஒரு வரிசை ஒரு லாட் என்று அட்டவணைக்குத் தெரியும், நான் கிலோ என்று நினைத்துக்கொண்டேன். கிலோவுக்குச் சராசரி வேண்டுமென்றால் மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுக்க வேண்டும்.

```
செலக்ட் சம்(எடை * விலை) / சம்(எடை) ஃப்ரம் ஏலம்;
```

எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால் அதுவும் தவறு. 2092 என்று வரும். எட்டு லாட்டில் எதுவுமே அவ்வளவு மலிவாகப் போகவில்லையே! நடந்தது இதுதான்: 4, 8 லாட்களில் விலை நல், அதனால் எடை * விலையும் நல், மேலே உள்ள சம் அவற்றை விட்டுவிட்டது. கீழே உள்ள சம்(எடை)யோ விற்காத 65 கிலோவையும் சேர்த்து 460 என்று எடுத்துக்கொண்டது. மேலே ஆறு லாட், கீழே எட்டு லாட். நல் செய்யும் சேட்டை இப்படித்தான் இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் கோணலாக வரும்.

```
செலக்ட் ரவுண்ட்(1.0 * சம்(எடை * விலை) / சம்(எடை), 2)
ஃப்ரம் ஏலம்
வேர் விலை ஈஸ் நாட் நல்;
```

கடைசியில் உள்ள வேர், விலை உள்ள லாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 9,62,500 ரூபாய், 395 கிலோ, சராசரி 2436.71. முதலில் சொன்ன 2591.67ஐ வைத்து 395 கிலோவுக்குப் பெருக்கினால் 61,208 ரூபாய் அதிகம் காட்டும். அந்தக் காசு எந்தக் கல்லாவிலும் இல்லை.

1.0 எதற்கு? எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரஸிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் வெட்டப்படும், 2436 என்று நின்றுவிடும். பைசாதானே என்று தோன்றும், 395 கிலோவில் அது 280 ரூபாய். மைஎஸ்கியூஎல் இந்தச் சாய்கோட்டுக்குத் தசமத்தோடு விடை தரும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் முழு எண் நெடுவரிசைக்கு ஏவிஜி போட்டாலே தசமம் போய்விடும். எதுவானாலும் 1.0 போட்டுவிட்டால் கவலையில்லை.

திரும்ப எடுத்த காயையும் அதே வரியில் காட்ட வேண்டுமா? வேர் போட்டால் அந்த லாட்கள் முழுதாகப் போய்விடும். அப்போது, ஒரு சார்புக்கு மட்டும் நிபந்தனை போடும் ஃபில்டர் உதவும்.

```
செலக்ட் கவுன்ட்(*) ஏஸ் லாட்கள்,
  சம்(எடை) ஏஸ் வரத்து,
  சம்(எடை) ஃபில்டர் (வேர் விலை ஈஸ் நாட் நல்) ஏஸ் விற்றது,
  மேக்ஸ்(விலை) ஏஸ் அதிகம்,
  ரவுண்ட்(1.0 * சம்(எடை * விலை) /
    சம்(எடை) ஃபில்டர் (வேர் விலை ஈஸ் நாட் நல்), 2) ஏஸ் சராசரி
ஃப்ரம் ஏலம்;
```

8, 460, 395, 3100, 2436.71. டீக்கடையில் நீட்டிய போனில் இருந்த வரி இதுதான். ஃபில்டர் போஸ்ட்கிரஸில் 9.4 பதிப்பிலிருந்தும் எஸ்கியூலைட்டில் 3.30 பதிப்பிலிருந்தும் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் இல்லை. அங்கே சம்(கேஸ் வென் விலை ஈஸ் நாட் நல் தென் எடை எண்ட்) என்று எழுதினால் அதே வேலை நடக்கும்.

பிரித்துத் திரட்டுவது: குரூப் பை

இதுவரை எட்டு லாட்டும் ஒரே குவியல். மாமாவின் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தத் தோட்டத்துக் காய்க்கு என்ன விழுந்துச்சு?" குவியலைப் பிரிக்க வேண்டும்.

```
செலக்ட் தோட்டம், சம்(எடை) ஏஸ் விற்றது,
  ரவுண்ட்(1.0 * சம்(எடை * விலை) / சம்(எடை), 2) ஏஸ் சராசரி
ஃப்ரம் ஏலம்
வேர் விலை ஈஸ் நாட் நல்
குரூப் பை தோட்டம்;

மேட்டுக்காடு   255   2527.45
ஓடைக்காடு     140   2271.43
```

இப்போது ஒரு வரிசை என்றால் ஒரு தோட்டம். குரூப் பை போட்டதும் வரிசையின் பொருளே மாறிவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லும் வாக்கியத்தையும் மாற்றிச் சொல்லுங்கள்.

மாறியதால்தான் ஒரு விதி வருகிறது: செலக்டில் எழுதும் ஒவ்வொன்றும் குரூப் பையில் இருக்க வேண்டும், அல்லது திரட்டுச் சார்புக்குள் இருக்க வேண்டும். மேலே உள்ள கேள்வியில் மையம் என்று சும்மா சேர்த்தால் என்ன ஆகும்? மேட்டுக்காட்டுக்குப் புத்தடியும் உண்டு, போடியும் உண்டு. எதைக் காட்டுவது? போஸ்ட்கிரஸ் முடியாது என்று பிழை சொல்லிவிடும். மைஎஸ்கியூஎல்லும் 5.7 பதிப்பிலிருந்து வழக்கமாக மறுக்கும். எஸ்கியூலைட் மட்டும் ஏதோ ஒரு வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். பிழை சொல்கிறவன் நண்பன், மழுப்புகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மையத்தையும் பார்க்க வேண்டுமென்றால் குரூப் பை மையம், தோட்டம் என்று இரண்டையும் கொடுங்கள். நான்கு வரிகள் வரும். மையம் வாரியாக மட்டும் பிரித்தால் புத்தடி சராசரி 2393.02, போடி 2488.89. இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து மொத்தச் சராசரி என்று சொல்லும் ஆசை யாருக்கும் வரும். 2440.96 வரும். உண்மை 2436.71. புத்தடியில் விற்றது 215 கிலோ, போடியில் 180. சராசரிகளுக்குச் சராசரி போடும்போது அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. அதனால் அட்டவணையில் சராசரியைச் சேமித்து வைக்காதீர்கள். எடையையும் தொகையையும் சேமியுங்கள், சராசரியை வேண்டும்போது வகுத்துக்கொள்ளலாம்.

வேர் எப்போது, ஹேவிங் எப்போது

எழுதும் வரிசை வேறு, கணக்கு நடப்பதாக நாம் எண்ணிக்கொள்ள வேண்டிய வரிசை வேறு. முதலில் ஃப்ரம், அடுத்து வேர், பிறகு குரூப் பை, ஹேவிங், அதற்கப்புறம்தான் செலக்ட், கடைசியில் ஆர்டர் பை. காயைச் சலித்து மூட்டை கட்டும் ஸ்டோரில் நடப்பதோடு ஒப்பிட்டால் புரியும். சல்லடையில் போட்டுச் சலிப்பது வேர், ஒவ்வொரு காயாகப் பார்ப்பது. மூட்டை கட்டித் தராசில் ஏற்றியபின் "இந்த மூட்டை எடை பத்தாது, ஓரமா வை" என்பது ஹேவிங்.

```
செலக்ட் மையம், தோட்டம், சம்(எடை) ஏஸ் விற்றது
ஃப்ரம் ஏலம்
வேர் விலை ஈஸ் நாட் நல்
குரூப் பை மையம், தோட்டம்
ஹேவிங் சம்(எடை) >= 100
ஆர்டர் பை விற்றது டெஸ்க்;
```

புத்தடி மேட்டுக்காடு 135, போடி மேட்டுக்காடு 120. ஓடைக்காட்டின் இரண்டு குழுவும் விழுந்துவிட்டன. இதையே வேர் எடை >= 100 என்று எழுதியிருந்தால் தனி லாட் 100 கிலோவாக இருக்க வேண்டும் என்று பொருளாகி 120, 100 என்ற வேறு எண்கள் வந்திருக்கும். வேருக்குள் சம் எழுதினால் மென்பொருள் திட்டும். குழு கட்டும் முன் கூட்டுத்தொகைக்கு எங்கே போகும்?

ஜாயின் போட்டதும் எடை பெருகியது

இது பெரிய பள்ளம். லாட்டுக்குப் பணம் தவணையாக வருவதைப் பதிய இன்னோர் அட்டவணை: வரவு (லாட், தொகை). முதல் லாட்டுக்குப் பணம் மூன்று தவணையாக வந்தது, மற்ற விற்ற லாட்களுக்கு ஒரே தவணை. எடையையும் வந்த பணத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று இரண்டு அட்டவணையையும் இணைக்கும் ஜாயின் எழுதினேன். லெஃப்ட் ஜாயின் என்றால் முதல் அட்டவணையின் வரிசைகள், ஜோடி இல்லாவிட்டாலும், விடுபடாது.

```
செலக்ட் சம்(ஏ.எடை), சம்(வ.தொகை)
ஃப்ரம் ஏலம் ஏ லெஃப்ட் ஜாயின் வரவு வ ஆன் ஏ.லாட் = வ.லாட்;
```

460 கிலோ 700 ஆகிவிட்டது! முதல் லாட்டுக்கு மூன்று வரவு இருப்பதால் அதன் வரிசை மூன்றாகப் பெருகி, 120 கிலோ மூன்று முறை கூட்டப்பட்டது. தொகை மட்டும் சரியாக இருந்ததால் பிழை கண்ணில் படவே இல்லை. ஜாயினுக்குப் பிறகு ஒரு வரிசை என்பது லாட் அல்ல, தவணை. அதுதான் சங்கதி.

வரவை முதலில் லாட் வாரியாகத் திரட்டி, ஒரு லாட்டுக்கு ஒரே வரிசை ஆக்கிவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும்.

```
செலக்ட் சம்(ஏ.எடை), சம்(வ.மொத்தம்)
ஃப்ரம் ஏலம் ஏ
லெஃப்ட் ஜாயின் (
  செலக்ட் லாட், சம்(தொகை) ஏஸ் மொத்தம்
  ஃப்ரம் வரவு குரூப் பை லாட் ) வ
ஆன் ஏ.லாட் = வ.லாட்;
```

இன்னொரு சின்னப் பள்ளமும் இதே பாதையில் உண்டு. தோட்டங்கள் என்று தனி அட்டவணை வைத்து, இந்தத் தடவை காயே அனுப்பாத பாறைக்காட்டையும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏலத்தோடு லெஃப்ட் ஜாயின் செய்து கவுன்ட்(*) போட்டால் பாறைக்காட்டுக்கு 1 லாட் என்று காட்டும். காலியான வரிசையும் வரிசைதானே. கவுன்ட்(ஏ.லாட்) போட்டால்தான் 0 வரும்.

ஒரே போடி, இரண்டு குழு

தமிழில் தரவு வைப்பவர்களுக்கு வரும் தலைவலி இது. ஒருநாள் மையம் வாரியாகப் பிரித்தபோது போடி என்று இரண்டு வரி வந்தது. முன்னால் பின்னால் இடைவெளி இல்லை, எழுத்துப்பிழை இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

'போ'வில் உள்ள ஓகாரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒரே குறியாக எழுதலாம், அல்லது ஏகாரத்தின் இரட்டைச் சுழியையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியாக எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. எஸ்கியூலைட்டும் போஸ்ட்கிரஸும் வழக்கமான அமைப்பில் இவற்றை வெவ்வேறு சொல்லாகவே பார்க்கும். நான் ஒரு விசைப்பலகையில் தட்டினேன், தரகர் அனுப்பிய கோப்பு வேறொன்றில் தட்டியது. கண்டுபிடிப்பது எளிது.

```
செலக்ட் மையம், லெங்த்(மையம்), கவுன்ட்(*)
ஃப்ரம் ஏலம் குரூப் பை மையம்;
```

ஒன்றுக்கு நீளம் 4, இன்னொன்றுக்கு 5 என்று வந்தால் ஆள் பிடிபட்டான். போஸ்ட்கிரஸ் 13இலிருந்து நார்மலைஸ்(மையம்) என்றொரு வசதி உண்டு, இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். எஸ்கியூலைட்டில் தரவை உள்ளே ஏற்றும் முன்பே நிரலில் சரிசெய்வதுதான் வழி. கொச்சி, கோட்டயம், தொடுபுழை என்று ஒகர, ஓகாரம் வரும் ஊர்ப்பெயர் எல்லாவற்றிலும் இது ஒளிந்திருக்கும். இதைவிட நல்லது மையத்துக்கு ஒரு எண் கொடுத்து, பெயரைத் தனி அட்டவணையில் ஒரே இடத்தில் வைப்பது. போடி, போடிநாயக்கனூர் என்று இரண்டு விதமாக எழுதும் வம்பும் அதிலேயே தீரும்.

கடைசிப் படி: சரிபார்ப்பு

குழுவாரியாக எடுத்த எண்களுக்குக் கீழே மொத்தமும் அதே விடையில் வேண்டுமென்றால் போஸ்ட்கிரஸில் குரூப் பை ரோலப்(தோட்டம்), மைஎஸ்கியூஎல்லில் குரூப் பை தோட்டம் வித் ரோலப். மொத்த வரியில் தோட்டத்தின் இடத்தில் நல் நிற்கும். எஸ்கியூலைட்டில் ரோலப் கிடையாது, இரண்டு கேள்வியை யூனியன் ஆல் போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

நான் அறிக்கையை அனுப்பும் முன் இரண்டு கேள்வியைத் தனியாக ஓட்டிவிடுவேன். ஜாயின் எதுவும் இல்லாமல், மூல அட்டவணையில்:

```
செலக்ட் கவுன்ட்(*), சம்(எடை) ஃப்ரம் ஏலம்;
செலக்ட் கவுன்ட்(*), சம்(எடை) ஃப்ரம் ஏலம் வேர் விலை ஈஸ் நல்;
```

8, 460. அடுத்தது 2, 65. அறிக்கையின் விற்ற எடை 395உடன் 65ஐக் கூட்டினால் 460 வர வேண்டும். வராவிட்டால் மாமாவுக்குப் போன் போடுவதில்லை.